பை கீழே விழுந்த பிறகு

அவன் திருடன்தான். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. என் தோட்டத்தில், என் மரத்தில், என் ஏணியை வைத்து ஏறி, நான் வளர்த்த மிளகை உருவிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தவன் நான். ஆனால் சேலம் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கூண்டில் நின்றவனும் நான்தான். என்மேல் பிரியம் உள்ளவர்கள், காலம் கெட்டுப்போச்சு, சட்டமே திருடன் பக்கம் என்கிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் எனக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்ததோடு சரி. மீதி எழுத்தெல்லாம் டீக்கடைப் பேப்பரில் நானாகப் படித்தது. பிறத்தியார் எஸ்டேட்டில் மிளகு பறிக்க மரம் ஏறியவன். ஏறி ஏறி, குத்தகைக்கு எடுத்து, குத்தகையைக் கிரயமாக்கி, இன்றைக்கு ஏற்காட்டில் மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு சரிவு முழுக்கக் காபியும் மிளகும் என்னுடையது. ஷேர் ஜீப்பில் ஏறி என் தோட்டத்தைச் சொன்னால் போதும், எந்த டிரைவரும் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்துவான். எனக்கு அப்பன் பாட்டன் சொத்து என்று ஒரு முள்ளுச்செடி கூடக் கிடையாது. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கோர்ட் வரை கொண்டுபோனது.

மிளகு வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் காபிக்கு நிழல் வேண்டும் என்று சில்வர் ஓக் மரம் வைத்திருப்போம். அந்த மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றி விடுவோம். பறிக்கிறவன் ஏறுவது ஒற்றை மூங்கிலில். கணுவுக்குக் கணு, கிளையைக் கால் வைக்கிற அளவுக்கு விட்டு வெட்டியிருக்கும், அவ்வளவுதான் ஏணி. அது உருளும். அதனால் கீழே ஒருவன் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறினவன் கால் மண்ணில் படுகிறவரை பிடித்தவன் ஏணியை விட்டு நகரக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரி எல்லோருக்கும் தெரியும்.

நான் மரம் ஏறிய காலத்தில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவன் இருந்தான். ஒரு கல்யாணப் பந்தியில் வந்த சண்டை. வேலை பிரித்துக் கொடுக்கிற எஸ்டேட் ரைட்டர் அது தெரியாமல் எங்கள் இருவரையும் ஒரே மரத்துக்கு அனுப்பிவிட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஏணியைப் பிடித்தான். நான் மேலே போனதும் ஒரு குளவிக் கூடு கலைந்தது. குளவிகள் என்னை விட்டுவிட்டு அவன் கழுத்தில் கொட்டின. அவன் கத்தினான், ஆனால் கையை எடுக்கவில்லை. நான் அடித்துப் பிடித்து இறங்கி, என் கால் மண்ணைத் தொட்ட பிறகுதான் ஓடினான். மறுநாளும் என்னோடு பேசவில்லை. எங்கள் வேலை அப்படிப்பட்டது.

நான் சொல்ல வந்தது போன வருஷத்துக்கு முந்தின மிளகு சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் ஆட்களில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் கடைவீதிக்கு. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் தோட்டத்தைச் சுற்றி வருவது வழக்கம். அந்த சீசனில் எனக்கு மிளகு களவு போய்க்கொண்டிருந்தது. நல்ல சரம் பிடித்த மரமாகப் பார்த்து எவனோ உருவிக்கொண்டிருந்தான். அந்தக் காலை ஒரு மரத்தில் கொடி ஆடியது. காற்று இல்லை. அடியில் என் மூங்கில் ஏணி சாத்தியிருந்தது.

நான் கனைத்த சத்தம் கேட்டு மேலே இருந்தவன் ஏணியை விட்டு, வெட்டி விட்டிருந்த கிளைக் கவட்டில் காலை வைத்து இலைக்குள் ஒடுங்கினான். தனியாக வந்தவன், ஏணியின் தலையை மரத்தோடு கட்டவில்லை. நான் யோசிக்கவே இல்லை. ஏணியை அப்படியே இழுத்துச் சாய்த்துக் காபிச் செடிகளுக்கு நடுவே போட்டேன்.

"கீழ வாடா பாக்கலாம்" என்றேன்.

 பிறகு இலையை விலக்கிக்கொண்டு ஒரு முகம் தெரிந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டச்சேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற ஆள், நல்ல மரம் ஏறி என்று பிற்பாடு தெரிந்தது. இடுப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்துக் கீழே போட்டான். பை என் காலடியில் விழுந்து கொஞ்சம் மிளகு சிதறியது.

"ஏனுங்க, உங்க மொளகு இந்தாங்க. அம்புட்டும் இருக்குதுங்க. ஏணிய வெச்சு உடுங்க, எறங்கிக்கறன்" என்றான்.

இந்த இடத்தை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் போலீஸ் ஸ்டேஷனிலும் வக்கீல் வீட்டிலும் கோர்ட்டிலும் எல்லோரும் என்னிடம் கேட்டது இந்த இடத்தைத்தான். பை கீழே விழுந்தாயிற்று. பொருள் என் கைக்கு வந்தாயிற்று. ஆள் ஓட முடியாது. என் சட்டைப் பையில் போன் இருக்கிறது. ஏற்காடு ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் டீ ஆறுவதற்குள் வந்திருப்பார்கள்.

நான் போன் போட்டேன். வீட்டுக்குப் போட்டு ஒரு நாற்காலியும் காலைச் சாப்பாடும் கொண்டுவரச் சொன்னேன். அடுத்ததாக ஏற்காடு கடைவீதியில் என் மிளகை வாங்குகிற வியாபாரி பாய்க்குப் போட்டு, "திருடனை மரத்துலயே அடைச்சு வெச்சிருக்கறன், வந்து பாருங்க" என்றேன். பிறகு பக்கத்துத் தோட்டக்காரர். பிறகு எங்கள் சம்பந்தி. ஸ்டேஷனுக்குப் போடவில்லை. மறந்துபோய் அல்ல. போலீஸ் வந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்று எனக்குப் பட்டது. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

நாற்காலி வந்தது. என் மனைவி சாப்பாட்டுத் தூக்குப்போசியை வைத்துவிட்டு மேலே பார்த்தாள்.

"யாருங்க அது?"

"திருடன்."

"சாப்புட்டுருப்பானா?"

"மொளகு தின்னுருப்பான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாத்திரம் எடுக்கப் பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். அன்றைக்கு அவள் வரவே இல்லை.

நான் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவனுக்கு என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நானும் இதே மாதிரி மரம் ஏறினவன்தான், ஆனால் ஒரு மணி மிளகு திருடியதில்லை என்று தொடங்கினேன். முதல் குத்தகை எடுத்த கதை, காட்டெருமை செடியை மிதித்த வருஷம் மறுபடி நட்ட கதை, எனக்குத் தண்ணீர் தராத பெரிய எஸ்டேட்காரர் பிற்பாடு என்னிடம் நாற்று வாங்க வந்த கதை, எல்லாம். இந்தக் கதைகளை என் வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டதில்லை. ஆளுக்கொரு வேலை வந்துவிடும். மேலே இருந்தவனுக்கு எழுந்து போக வழியில்லை.

"கேக்குதா?" என்று நடுநடுவே கேட்பேன்.

"கேக்குதுங்க. நொம்ப நல்லா இருக்குதுங்க. ஏணிய வெச்சுட்டுச் சொல்லுங்க, கீழ உக்காந்து கேட்டுக்கறன்" என்றான்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனே தவிர ஏணியை எடுத்து வைக்கவில்லை.

வெயில் ஏறியது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார், சம்பந்தி வந்தார், ரோட்டில் போன சிலர் என்ன கூட்டம் என்று உள்ளே வந்தார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் நான் முதலிலிருந்து சொன்னேன். யாரோ போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். மேலே இருந்தவன் முகத்தை மரத்தின் மறுபக்கம் திருப்பிக்கொண்டான். படம் பிடித்தவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

கவட்டில் ஒரு கால்தான் சரியாக நிற்கும். இன்னொரு காலை அவன் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். சில்வர் ஓக்கைக் கட்டிப்பிடித்துச் சறுக்கி இறங்கலாமே என்று கேட்கலாம். கொடி மொத்தமாகச் சுற்றியிருக்கிற மரத்தில் கைக்குப் பிடி கிடைக்காது, பிடித்தால் கொடி உரிந்து வந்துவிடும். அது எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் மரம் ஏறின அனுபவம் உள்ளவன் நான் ஒருவன்தான். அவன் இடது கை நடுங்க ஆரம்பித்ததை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்ததும் நான்தான்.

"சாமி, கை மரத்துப்போச்சுங்க" என்றான். "அப்பப் போலீசையாவது கூப்புடுங்க. திருடுனதுக்குக் கேசு போடட்டும். நான் இல்லைன்னு சொல்லலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். திருடன் போலீசைக் கூப்பிடச் சொல்கிறான், சொந்தக்காரன் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் பாய் தன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். அவர் சிரித்த முகக்காரர். வரும்போதே, "என்னண்ணே, மொளகுக் கொடியில ஆளு காய்ச்சிருக்குது" என்றார். பிறகு மரத்தடிக்கு வந்து பையைத் தூக்கிப் பார்த்தார், விரலை விட்டுக் கிளறினார், மேலே பார்த்தார்.

"மொளகுதான் கீழ வந்துருச்சேண்ணே. இன்னும் எதுக்கு அவன் மேல?"

"பாடம் படிக்கட்டும் பாய்."

"பாடம் நடத்த வேற எடமே இல்லையாண்ணே உனக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் கதையைத் தொடங்கியதும் முதல் தடவையாக அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

அந்த நேரத்தில் மேஸ்திரியம்மா வந்தாள். என் தோட்டத்துப் பெண் ஆட்களுக்கெல்லாம் அவள்தான் தலை. சர்ச் முடிந்து, மாற்றாத சேலையோடு, விஷயம் கேள்விப்பட்டு வேகமாக வந்திருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காபி பூப்பதற்கு நாங்கள் காத்திருக்கிற மழை, பூ மழை என்போம், அது அந்த வாரம் முழுக்கப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. முதல் துளி என் கையில் விழுந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பாயிடம், "பாருங்க, இன்னைக்கு எல்லாமே எனக்குச் சாதகம்" என்றேன்.

மேஸ்திரியம்மா மேலே பார்த்தபடி கேட்டாள். "ஏனுங்க, போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மழை வந்துருச்சுங்க. மரம் வழுக்கும். ஏணிய வைக்கறனுங்க."

"வைக்காத."

"மேல ஆளு இருக்கறானுங்க" என்றாள்.  எங்கள் வேலையில் அந்த ஒரு வார்த்தை போதும். ஆள் மேலே இருக்கிறான் என்றால் மற்ற பேச்செல்லாம் பிறகு. அவள் குனிந்து மூங்கிலின் ஒரு முனையைத் தூக்கினாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து மறு முனையைப் பிடித்தேன். தூக்கிக் கொடுக்க அல்ல. விடமாட்டேன் என்று பிடித்தேன்.

அவள் இழுத்தாள், நான் இழுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது, அதிக நேரம் இல்லை. மேலே கொடி கிழிகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் காபிச் செடிகள் மேல் விழுந்து, அங்கிருந்து, சரிவில் மண் சரியாமல் இருக்கக் கட்டியிருந்த கல்லுக் கட்டின்மேல் உருண்டான். வலது தோள் அடியில் மாட்டிக்கொண்டது.

அவன் கத்தவில்லை. விழுந்த இடத்திலிருந்து, "எந்திரிச்சுக்கறன், எந்திரிச்சுக்கறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எழுந்திருக்க முடியவில்லை.

பாயின் ஜீப்பில்தான் அவனைத் தூக்கிப் போட்டோம். ஏற்காடு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மலை இறங்குகிற வளைவு ஒவ்வொன்றிலும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மேஸ்திரியம்மா பின்சீட்டில் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் முன்னால் இருந்தேன்.  பாய் பிற்பாடு சொன்னார், என்னைப் பேசாமல் பார்த்தது அன்றைக்குத்தான் என்று.

திருட்டுக் கேஸ் அவன்மேல் பதிவானது. அவன் சொன்னதன் பேரில் என்மேல் இன்னொரு கேஸ் பதிவானது. ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"அவன் திருடன் இல்லீங்களா?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

"திருடன்தானுங்கய்யா. அது அவன் கேசு. அதுல உங்களுக்கு நான் வேண்டியத செஞ்சு தர்றேன். இப்ப உங்க கேசப் பத்திப் பேசலாம்."

"என் தோட்டம், என் மரம், என் ஏணிங்க."

"எல்லாம் உங்களுதுதான். மேல இருந்த ஆளு உங்களுது இல்லீங்களே."

"நான் அவனத் தொடவே இல்லீங்க."

"தொடாமயே தோளு ஒடஞ்சிருக்குதுங்களேய்யா."

பிறகு அவர் எனக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. திருடுகிறவனைத் தடுக்கலாம். பிடிக்கலாம். திமிறினால் அதற்குத் தேவையான அளவு பலத்தைக் காட்டலாம். இருட்டில் வீட்டை உடைத்துப் புகுந்தாலோ, கத்தியை எடுத்து உயிருக்குப் பயம் காட்டினாலோ உரிமை இன்னும் நீளும். ஆனால் அந்த உரிமைக்கு ஒரு முடிவு இருக்கிறது. பொருள் திரும்பி வந்துவிட்டால் முடிந்தது. போலீசைக் கூப்பிட நேரமும் வழியும் இருந்தால், கூப்பிட வேண்டும். பிடித்தவனை ஒப்படைக்கிறவரை வைத்திருக்கலாமே தவிர, தண்டிப்பதற்கு வைத்திருக்கக் கூடாது.

"பை கீழ வந்தது வரைக்கும் நீங்க சொத்தக் காப்பாத்துனீங்க. அதுக்கப்புறம் பண்ணுனதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பேர் தெரியும்.

சேலத்தில் நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்தேன். அவர் சாமர்த்தியசாலி. ஏணியை எடுத்ததில் தப்பில்லை, தப்பித்துப் போகாமல் இருக்க எடுத்தீர்கள், அது கொஞ்ச நேரத்துக்கு நிற்கும் என்றார்.

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரமுங்க?"

"போலீஸ் வந்து சேர்ற நேரமுங்கய்யா. அதுக்கு நீங்க கூப்புட்டுருக்கணும்." கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே, "மலையில சிக்னல் கெடைக்கலைன்னு சொல்லலாம். மழை வேற. யாராவது ஒரு சாட்சி சொன்னாப் போதும்" என்றார்.

அந்த சாட்சிக்காக நான் மேஸ்திரியம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டு வாசலுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் அவள்தான் என் வாசலுக்கு வந்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"சிக்னல் இல்லீன்னு நான் சொல்லோணுமுங்களா?"

"ஆமா."

"அப்ப பாய் எப்புடி வந்தாருன்னு கேப்பாங்களே. உங்க சம்பந்தி எப்புடி வந்தாரு? நாற்காலி நடந்தா வந்துச்சு?"

 அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு விரோதமா நானாப் போயி எதுவும் சொல்ல மாட்டனுங்க. கூப்புட்டுக் கேட்டாங்கன்னா பாத்ததச் சொல்லுவன். இன்னொன்னும் சொல்லோணும், கோவிச்சுக்காதீங்க. அடுத்த சீசனுக்கு உங்க மரத்துல ஏற ஆளு கெடைக்காதுங்க. நானும் கேட்டுப் பாத்துட்டன்."

"கூலி சேத்துத் தர்றேன்னு சொல்லு."

"கூலி இல்லீங்க. கீழ நிக்கறவர நம்பித்தானுங்க மேல ஏறறாங்க."

அவள் சொன்னபடியே ஆனது. அடுத்த சீசனில் என் மரங்களில் மிளகு பழுத்துக் கறுத்துக் கொடியிலேயே காய்ந்து உதிர்ந்தது. பறவைகள் தின்றன. நானே ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் மூங்கிலைத் தூக்கி வைத்தேன். என் வயதில் அது நடக்காது. பிடித்துக்கொள்ள யாரையும் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

வக்கீல் இன்னொரு வழி சொன்னார். இந்த மாதிரிக் கேஸ்களில் பாதிக்கப்பட்டவன் சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். திருட்டில் பாதிக்கப்பட்டவன் நான், தோள் உடைந்ததில் அவன். நான் அவன் கேஸை முடித்துக் கொடுத்தால் அவன் என் கேஸை முடித்துக் கொடுப்பான் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, திருட்டை மன்னிக்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டபோது, சம்மதம் என்று கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்தேன். பெரிய மனுஷன் என்று எல்லோரும் நினைக்க வேண்டும் என்கிற ஆசை அங்கேயும் எனக்குப் போகவில்லை.

அடுத்து அவனைக் கேட்டார்கள். அவன் வலது கையைக் கீழேயே தொங்கவிட்டு நின்றான். தோள் கூடியிருந்தது, ஆனால் கை காதுக்குமேல் எழும்பாது. மரம் ஏறிகளுக்குக் கை எழும்பவில்லை என்றால் வேலை முடிந்தது.

"இஷ்டமில்லீங்க" என்றான்.

வக்கீல் வராந்தாவில் அவனைப் பிடித்து, ஐயா உன்னை மன்னிச்சுட்டாரே, நீ ஏன்ப்பா இப்படி என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வக்கீலைப் பார்த்துத்தான் சொன்னான்.

"திருடுனது தப்புங்க. அதுக்கு உள்ள போட்டிருந்தாலும் போயிருப்பன். மேல இருந்துக்கிட்டே போலீசக் கூப்புடச் சொன்னவனுங்க நான். அந்த வீடியோவ என்ற பொண்ணுக்கு எவனோ பள்ளிக்கூடத்துல காட்டிருக்கறான். அது ஊட்டுக்கு வந்து ஒண்ணுதாங்க கேட்டுச்சு. ஏம்ப்பா, அந்தத் தாத்தா உங்கிட்ட என்னப்பா அம்புட்டு நேரம் பேசறாருன்னு." தொங்கின கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். "நான் என்னத்தச் சொல்லட்டுங்க?"

எனக்கு முதலில் வந்தது கோபம். நான் முந்திக்கொண்டு மன்னித்தேனே, இவன் திருப்பித் தரவில்லையே என்று. மலை ஏறுகிற பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கோபம் இருந்தது. அடிவாரம் தாண்டிப் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது அவன் பெண் கேட்ட கேள்வி மறுபடி மறுபடி வந்தது. அந்தப் பெண்ணுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். என் பெருமையைப் பேசினேன் கண்ணு. உங்கப்பன் கை நடுங்கினதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். இதை நான் எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த வாய்தாவில் குற்றச்சாட்டை எனக்குப் புரிகிற தமிழில் படித்தார்கள். ஏணியை எடுத்துவிட்டு ஒரு மனுஷனை இறங்க விடாமல் தடுத்து வைத்தது, அதனால் அவனுக்கு எலும்பு முறிவு உண்டானது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார் மாஜிஸ்திரேட் அம்மா. வக்கீல் என்னிடம் 'இல்லை' என்று சொல்லச் சொல்லியிருந்தார். கேஸ் இழுக்கும், இழுத்தால் நமக்கு நல்லது என்பது அவர் கணக்கு. பின் வரிசையில் மேஸ்திரியம்மா உட்கார்ந்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் சொல்வதற்காக வந்திருந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துனாங்களா?"

"இல்லீங்க."

"பொருளைக் காப்பாத்தறதுக்காகச் செஞ்சீங்களா?"

இது எனக்காகத் திறந்து வைத்த கதவு என்று இப்போது தோன்றுகிறது. வக்கீல் என் முழங்கையைத் தொட்டார்.

"பை அப்பவே கீழ வந்துருச்சுங்க" என்றேன்.

வயதையும், இதற்கு முன் கேஸ் எதுவும் இல்லாததையும், தானாக ஒப்புக்கொண்டதையும் பார்த்து, ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அவன் வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கச் சொல்லி, அதோடு கோர்ட் கலைகிறவரை தண்டனை என்று சொன்னார். அப்படி ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்றைய வேலை முடிந்து மாஜிஸ்திரேட் எழுந்து போகிறவரை கோர்ட் ஹாலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது. ஓர் ஓரமாக இருந்த பெஞ்சைக் காட்டினார்கள். போய் உட்கார்ந்தேன். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

சம்பந்தியும் பக்கத்துத் தோட்டக்காரரும் கதவோரம் நின்று பார்த்தார்கள். பாய் மட்டும் உள்ளே வந்து, என்னோடு இருக்கலாமா என்று கோர்ட் போலீஸ்காரரிடம் கேட்டார். வேண்டாம் என்று நானே கையைக் காட்டினேன்.

அவனும் ஹாலில்தான் நின்றான். வாய்தாவுக்கு வந்தவன். மேஸ்திரியம்மா அவனிடம் போய், கோர்ட் கலைகிறவரை நிற்கப் போகிறாயா என்று கேட்டாள். அவன் இடது கையால் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "இல்லீங்கக்கா, நான் எதுக்கு நிக்கறது? கொட்டச்சேடு பஸ்சு போயிரும்" என்றான். நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்க்காமல், கதவோரம் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வெளியே போனான்.